மூன்றாம் மாடிப் பூனை எங்கே போயிருக்கும்?

கேள்வி: பெங்களூரு ஹலசூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்புறம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் பூனை பொன்னிக்கு மூன்று வயது. கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த நாட்டுப் பூனை. கருத்தடை செய்தாகிவிட்டது. குட்டியாக வந்த நாள் முதல் வாசற்படி தாண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை குளியலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தபோது, சுவரில் துளைபோடும் சத்தத்தில் மிரண்டு திறந்திருந்த கதவு வழியாக ஓடிவிட்டாள். இன்றோடு ஆறு நாள். காலையும் மாலையும் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடக்கிறேன். ஒரு குரலும் இல்லை. வேலூரிலிருந்து அம்மா, "பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டாலும் வீடு தேடி வரும், கவலைப்படாதே" என்கிறார். கீழ்வீட்டுக்காரர் நாய் கடித்திருக்கும் என்கிறார். ஒரு பூனைக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது. ஒன்பது வயது மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இனியும் தேடலாமா? எப்படித் தேடுவது?

— வாசகி, பெங்களூரு

கால்நடை மருத்துவரின் பதில்:

தேடுங்கள் அம்மா, இன்று இரவே தேடுங்கள். ஆறு நாளில் கைவிடவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பொன்னி உங்கள் கட்டடத்திலோ, அதையொட்டிய நான்கைந்து வீடுகளிலோ எங்காவது பதுங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தெருத்தெருவாக நடந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு, அந்தச் சில வீடுகளை மூலை முடுக்கெல்லாம் கண்ணால் பார்ப்பதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள். கூப்பிட்டுப் பூனை கிடைப்பது அரிது. குனிந்து, மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

குரல் இல்லை என்பதால் பூனை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயந்த பூனை கண்ணில் பட்ட முதல் இருட்டுச் சந்துக்குள் நுழைந்து அசையாமல் உட்கார்ந்துவிடும். சத்தம் போட்டால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பது அதன் இயல்பிலேயே ஊறியது. நீங்கள் அதே மாடிப்படியில் நின்று கூப்பிட்டிருக்கலாம், அவள் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கலாம். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ, கசுடகா ஷினோசுகா என்ற இரு ஆய்வாளர்கள் 20 வீட்டுப் பூனைகளுக்கு, ஆளைக் காட்டாமல் குரலை மட்டும் ஒலிக்கவிட்டுப் பார்த்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் இனம் கண்டுகொள்கின்றன. ஆனால் அதைக் காதைத் திருப்பியும் தலையை அசைத்தும்தான் காட்டுகின்றன. பதில் குரல் கொடுப்பதோ எழுந்து வருவதோ குறைவு. சொந்த வீட்டில் நிம்மதியாக இருக்கும் பூனையே அப்படியென்றால், மிரண்டு ஒளிந்திருப்பது எப்படி வாய் திறக்கும்?

எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்பதற்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது. காணாமல்போன 1210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2018இல் வெளியானது. கிடைத்த பூனைகளில் நூற்றுக்கு 75, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் முக்கால்வாசி 137 மீட்டரைத் தாண்டவில்லை. கோயிலுக்குப் பின்னாலிருந்து ஹலசூர் மார்க்கெட் பக்கம் நடந்து பார்த்தால் தெரியும், 137 மீட்டர் எவ்வளவு சின்ன தூரம் என்று. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய அந்தப் பகுதியில் அதற்குள் நூற்றுக்கணக்கான ஒளிவிடங்கள் இருக்கும். அதனால்தான் அகலமாகத் தேடாமல் ஆழமாகத் தேடச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் அது வேலூர்ப் பக்கத்து ஓட்டுவீட்டுப் பூனைக்குப் பொருந்தும். அந்தப் பூனை தினமும் கூரைமேல் நடந்து, வேலி தாண்டி, நான்கு தெருவின் வாசனையையும் மூக்கில் பதிய வைத்திருக்கும். பொன்னிக்குத் தன் வீடு உள்ளிருந்து மட்டுமே தெரியும். அதே கதவை வெளியே நின்று அவள் பார்த்ததேயில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் படி. தானே வந்துவிடுவாள் என்று காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

நாய் கடித்திருக்கும் என்று சொன்னவர் அதைக் கண்ணால் பார்த்தாரா? கேளுங்கள். பட்டப்பகலில், வெள்ளிக்கிழமை நடமாட்டம் உள்ள தெருவில் நாய்கள் ஒரு பூனையைத் துரத்தினால் பத்துப் பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். உறுதி செய்துகொள்ள வழி உண்டு. விடியற்காலையில் தெரு பெருக்கும் பௌரகார்மிகர்களிடம் கேளுங்கள். உங்கள் பகுதியில் அவர்களில் பலர் தமிழோ தெலுங்கோ பேசுவார்கள். இறந்த பிராணி கிடந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். கேட்கவே மனம் நடுங்கும் கேள்வி அது, ஆனாலும் கேட்டுவிடுங்கள். இல்லை என்று அவர்கள் சொன்னால் அந்தப் பயத்தை இறக்கிவைத்துவிட்டுத் தேடலாம்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். உங்கள் வாசலில் நின்று, பூனையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். வலப்பக்கம் என்ன, இடப்பக்கம் என்ன, படி மேலே போகிறதா கீழே போகிறதா? கீழேயிருந்து தெருச் சத்தமும் நாய் வாடையும் வருமென்றால், மேலே மொட்டைமாடிக்கு ஓடியிருக்கத்தான் அதிக வாய்ப்பு. எல்லோரும் கீழே இறங்கித் தெருவில் தேடுகிறார்கள். மேலே ஏறிப் பார்ப்பதில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் அது உட்கார்ந்திருக்கும் மேடைக்கும் இடையில் கையளவு சந்து இருக்கும். அங்கே டார்ச் அடியுங்கள். சூரிய வெந்நீர்க் கலத்தின் அடிப்பக்கம், லிப்ட் அறை இருந்தால் அதன் பின்புறம், யாரோ போட்டுவைத்த பழைய மெத்தை, கல்யாணத்துக்கு வாங்கிய ஷாமியானா மூட்டை, உடைந்த பீரோ எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள். பூனையின் தலை நுழைந்தால் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். தோள் எலும்பு மற்ற எலும்புகளோடு இறுக்கமாகப் பூட்டப்படாததால் அதற்கு அது எளிது. "இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி?" என்று தோன்றும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்குங்கள். குளியலறைக் குழாய்கள் செங்குத்தாக இறங்கும் சந்து, சன்னல்களுக்கு மேலே நீண்டிருக்கும் சன்ஷேடு, மின்மீட்டர்ப் பலகையின் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே செருப்பும் சைக்கிளும் அடைத்துவைத்த மூலை. சன்ஷேடில் இறங்கிவிட்ட பூனைக்குத் திரும்பி ஏறத் தெரியாது. நாள்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. எதிர்வீட்டு மாடிக்குப் போய் அங்கிருந்து உங்கள் கட்டடத்தைப் பாருங்கள். தரைத்தளத்தில் வண்டிகளின் அடிப்பக்கம், நாள்கணக்கில் எடுக்காத காரின் பானெட்டுக்குள், தண்ணீர் சம்ப்பின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்பது வரை ஒன்றையும் விடாதீர்கள். மூடி திறந்தோ உடைந்தோ இருந்தால் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே நடைபாதைக்குக் கீழே வடிகால் ஓடி, மேலே கல் பலகை போட்டிருந்தால், இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியிலும் ஒருமுறை வெளிச்சம் அடியுங்கள். மழை பெய்யும் நாளென்றால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை திறந்திருந்து அதன்பிறகு பூட்டிய இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வாடகைக்கு விட வெள்ளையடித்துப் பூட்டிய வீடு, தரைத்தளக் கிடங்கு, ஊருக்குப் போனவர்களின் வீடு, ஷட்டர் இறக்கிய கடை. திறந்த கதவைக் கண்டு உள்ளே ஓடிய பூனை, கதவு சாத்தும்போது வெளியே வராது. உள்ளேயே மாட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் கிடக்கும். இவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து இன்றைக்குள் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மற்ற இடங்கள் நாளை வரை பொறுக்கும், இது பொறுக்காது.

கதவு தட்டுவதற்குக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. பூனை குறுக்கே வந்தால் சகுனம் பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். ஒரு பூனைக்காக அழுதால் சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும். பொன்னி உங்களை நம்பி மூன்று வருடம் வாழ்ந்தவள், இப்போது அவளுக்காகப் பேச உங்களைத் தவிர யாருமில்லை. ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "எங்கள் பூனையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்ற பதில்தான் வரும். அவர்கள் பார்க்கவில்லை, அது உண்மை. "உங்கள் பின்பக்க இடுக்கையும் மாடியையும் ஐந்து நிமிடம் நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு மாலை ஆறு மணிவாக்கில் போங்கள். ஒரு குழந்தை பூனையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் கதவை மூடுகிறவர்கள் மிகக் குறைவு. என்னிடம் வருபவர்களில், அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் தாங்களே நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் பூனை திரும்பக் கிடைத்திருக்கிறது.

இரவுத் தேடல் தனி. போக்குவரத்து அடங்கி, நாய்கள் படுத்து, பால் வண்டி வருவதற்கு முந்தைய நேரம், அதாவது இரவு இரண்டிலிருந்து நான்கு மணி வரை, பதுங்கிய பூனை வெளியே தலைகாட்டும். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டார்ச்சை இடுப்பருகே பிடிக்காமல் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. வந்த வழியிலேயே வெளிச்சம் திரும்புவதால், உங்கள் கண்ணும் டார்ச்சும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இருட்டுக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள் பளிச்சிடுவது தெரியும். மெதுவாக, தரை மட்டத்திலிருந்து மேலே ஒளியை நகர்த்துங்கள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு மொட்டைமாடிப் படியில் உட்காருங்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு அழைக்கும்போது எப்படிப் பேசுவீர்களோ அந்தக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். வெளியே நின்று உரக்கக் கூப்பிடும் பதற்றக் குரல் அவளுக்குப் பழகியதல்ல.

உணவு ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள்: உங்கள் வாசலில் அல்லது மொட்டைமாடிப் படியில். வேகவைத்த மத்தி மீன், அல்லது உப்பைக் கழுவி வேகவைத்த நெத்திலிக் கருவாடு. வாசனை தூரம் போகும். ஆறு நாள் பசியில் இருப்பவளுக்கு வாசனைதான் வழிகாட்டி. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் ஏற்கெனவே வற்றிய உடம்பு இன்னும் வற்றும். ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய புடவையை ஓர் அட்டைப்பெட்டியில் மடித்துப் பக்கத்தில் வையுங்கள். அவளுடைய கழிவு மணலைக் கொட்டிவைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வாடைக்குத் தெருவின் கடுவன் பூனைகள் வந்து இடம் பிடித்துக்கொண்டால், அவள் இருக்கிற இடத்தை விட்டு நகரவே மாட்டாள். வைத்த உணவைத் தின்பது யார் என்று தெரிய, பழைய கைப்பேசியை வீடியோ ஓடவிட்டு வைக்கலாம். படிக்கட்டைப் பார்க்கும் கண்காணிப்புக் கேமரா யார் வீட்டில் இருக்கிறதென்று பாருங்கள். வெள்ளிக்கிழமைப் பதிவு அழிந்துவிடுவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

அவள் வந்து தின்பது தெரிந்தும் கைக்கு அகப்படவில்லையென்றால் பொறிக்கூண்டு உதவும். நகரில் தெருப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்யும் விலங்கு நல அமைப்புகளிடம் கேட்டால் இரவலாகக் கிடைக்கலாம். கூண்டு வைத்தால் மணிக்கொருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அகப்பட்டதும் கூண்டின்மேல் கனமான துணியைப் போர்த்துங்கள், இருட்டில் அடங்கிவிடும்.

கட்டட வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மட்டும் போதாது. தெருவைக் காலையிலும் இரவிலும் பார்ப்பவர்கள் அந்தக் குழுவில் இல்லை. பால் பூத்காரர், பேப்பர் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர், கோயில் வாசல் பூக்காரம்மா, மீன்கடைக்காரர், கோழிக்கடைக்காரர் ஆகியோரிடம் ஒரு சீட்டுக் கொடுங்கள். தெருப்பூனைகளுக்கு இரவில் சோறு வைக்கும் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள், புதுமுகம் வந்தால் உடனே தெரிவது அவருக்குத்தான். சீட்டில் முதலில் கன்னடம், பிறகு தமிழ், உருது, ஆங்கிலம். எழுத்தைவிடப் படம் பெரிதாக இருக்கட்டும். பொதுச்சுவர்களில் ஒட்டாதீர்கள், கர்நாடகத்தில் அதைத் தடுக்க 1981ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது, மறுநாளே கிழித்தும்விடுவார்கள். கடைக்குள்ளும் வீட்டுக் கேட்டிலும் கேட்டு ஒட்டினால் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. பொன்னியின் உடம்பில் ஓர் அடையாளத்தைச் சீட்டில் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக எந்தப் பாதத்தின் அடி இளஞ்சிவப்பு, எது கறுப்பு என்பது. "பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பவர்கள் வருவார்கள். அந்த அடையாளத்தைக் கேளுங்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கருத்தடை செய்யாத கடுவன் காணாமல்போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது துணை தேடிப் பல தெரு தாண்டியிருக்கும். வட்டத்தை விரிவாக்கித்தான் தேட வேண்டும்.

மகளைப் பற்றி. "பொன்னி ஊருக்குப் போயிருக்கிறாள்" போன்ற சமாதானங்கள் வேண்டாம். ஒன்பது வயதுக்கு உண்மை தெரியும். "எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள், தேடலில் ஒரு வேலையை அவளுக்கே கொடுங்கள். சீட்டு எழுதுவது, பார்த்த இடங்களைத் தாளில் குறித்துவைப்பது. கதவு திறந்திருந்ததற்கு யாரையும் குறை சொல்லி அவள் முன்னால் பேசாதீர்கள். குழந்தைகள் அந்தப் பழியைச் சத்தமில்லாமல் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள்.

எத்தனை நாள் தேடுவது? நான் சொன்ன அந்த ஆய்வில் ஏழு நாளுக்குள் உயிரோடு வளர்ப்பவர் கைக்கு வந்தவை நூற்றுக்கு 34. ஓராண்டுக்குள் கிடைத்தவை 61. ஆக, முதல் வாரத்துக்குப் பிறகும் கிடைத்தவை ஏராளம். 90 நாளுக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை மிகச் சில. இந்த மாதம் முழுவதும் இரவுத் தேடலை விடாதீர்கள். அதன்பிறகு வாரத்தில் ஓரிரு இரவும், சீட்டுகளைப் புதுப்பிப்பதும் போதும். ஏற்கெனவே பார்த்த இடத்தையும் மறுபடி பாருங்கள், பூனை இடம் மாறும்.

கண்ணில் பட்டதும் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். அங்கேயே தரையில் உட்காருங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உணவை நகர்த்திவிட்டுக் காத்திருங்கள். அருகில் வந்த பின் கனமான துண்டால் நான்கு காலும் உள்ளே அடங்கச் சுற்றி எடுங்கள். பயத்தில் உங்களையே கடிக்கலாம், பிராண்டலாம். அப்படி நடந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். உங்கள் பூனைதானே என்று விடாதீர்கள். இந்த நாட்களில் அதை எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே அறையில் வைத்து, தண்ணீரும் வழக்கமான உணவில் கொஞ்சமும் கொடுங்கள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை சிறிது சிறிதாக. வந்த சந்தோஷத்தில் கிண்ணம் நிறையக் கொட்டாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அது செயலிழக்கும் ஆபத்து உண்டு. ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தால், வாயில் எச்சில் வடிந்தால், உணவைக் கண்டு முகம் திருப்பினால் தாமதிக்காதீர்கள். சன்ஷேடிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்திருந்தால் வெளியே காயமே தெரியாமல் தாடை பிளந்திருக்கலாம், நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம். ஒன்றும் தெரியாவிட்டாலும் மறுநாளே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்குக் குவீன்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனை பக்கம். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எத்தனை நாள் வெளியே இருந்தாள், கடைசியாக எப்போது சாப்பிட்டாள், தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்ற மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.